"இது விளையாட்டு அல்ல!" என்றது கம்பெனி

செல்போனில் ஆடும் ஒரு விளையாட்டு. அதில் ஒரு தகப்பன் இருட்டில் ஓடுகிறான். வானத்தில் இருந்து குண்டு விழுகிறது. வீட்டில் மனைவி இருக்கிறாள். லைலா என்ற சின்ன மகள் இருக்கிறாள். அவர்களை எப்படியாவது காப்பாற்ற வேண்டும். போனைக் கையில் வைத்து ஆடுகிறவர்தான் அந்தத் தகப்பன்!

இந்த விளையாட்டின் பெயர் "லைலாவும் போரின் நிழல்களும்". தயாரித்தவர் ரஷீத் அபு எய்தே. பாலஸ்தீனத்தில் உள்ள நாப்லஸ் நகரைச் சேர்ந்தவர். 2014-ம் ஆண்டு காசாவில் நடந்த போர்தான் கதை. அந்த ஆண்டு ஜூலை 16-ந் தேதி, காசா கடற்கரையில் ஆடிக்கொண்டிருந்த 4 சிறுவர்கள் இஸ்ரேலின் தாக்குதலில் மாண்டார்கள். அந்தக் காட்சியும் இதில் வருகிறது.

2016-ம் ஆண்டு மே மாதம். ரஷீத் தன் விளையாட்டை அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனிக்கு அனுப்பினார். ஐபோனில் எதைக் கொடுப்பதானாலும் அந்தக் கம்பெனியின் அனுமதி வேண்டும்.

பதில் வந்தது. விளையாட்டு என்ற பிரிவுக்கு இது பொருந்தாது. "செய்தி" என்ற பிரிவிலோ, "தகவல்" என்ற பிரிவிலோ போடுங்கள். விளையாட்டு என்ற சொல்லையே எடுத்துவிடுங்கள். இதுதான் கம்பெனி சொன்னது.

ஓடி, குதித்து, ஒளிந்து ஆடுகிற ஒன்று விளையாட்டு அல்லவாம்!

"இதில் அரசியல் இருக்கிறது என்பதால் மறுத்துவிட்டார்கள்" என்று ரஷீத் ட்விட்டரில் எழுதினார். நெதர்லாந்தைச் சேர்ந்த பிரபல விளையாட்டுத் தயாரிப்பாளர் ராமி இஸ்மாயில் போன்றவர்கள் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். பல நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. சில நாட்களில் ஆப்பிள் கம்பெனி இறங்கி வந்தது. லைலாவின் கதை, விளையாட்டு என்ற பெயரிலேயே கடைக்கு வந்தது.

நல்லது. ஆனால் ஒரு கேள்வி. அவருக்காகக் குரல் கொடுக்க யாரும் இல்லாதிருந்தால்?

இருப்பது ஒரே கடை

இந்தக் கடை எப்படி நடக்கிறது என்று முதலில் பார்க்கலாம்.

ஒருவர் புத்தகம் எழுதுகிறார். ஒரு புத்தகக் கடைக்காரர் "வேண்டாம்" என்றால், அடுத்த தெருவில் உள்ள கடைக்குப் போகலாம். ரயில் நிலையத்தில் விற்கலாம். யாருமே வாங்காவிட்டால் துணியை விரித்து நடைபாதையிலே கடை போடலாம்!

ஐபோனில் அப்படி முடியாது. 2008-ம் ஆண்டு ஜூலை 10-ந் தேதி ஆப்பிள் கம்பெனி "ஆப் ஸ்டோர்" என்ற கடையைத் திறந்தது. அன்றைக்கு அதில் இருந்தவை சுமார் 500 செயலிகள். செயலி என்றால் போனில் போட்டுக்கொள்ளும் விளையாட்டு, கணக்கு, படம் முதலிய எல்லாம்தான். ஐபோனுக்குச் செயலி வேண்டுமானால் அந்தக் கடைக்குத்தான் போகவேண்டும். ஐரோப்பா, ஜப்பான் போன்ற இடங்களில் அண்மையில் நிலைமை மாறியிருக்கிறது.

கடையில் சரக்கு வைக்க ஆண்டுக்கு 99 டாலர் கட்ட வேண்டும். நம் பணத்தில் 8 ஆயிரம் ரூபாய்க்கு மேல். விற்ற பணத்திலும் பங்கு உண்டு. முதலில் 100-க்கு 30 வீதம் எடுத்தார்கள். சிறிய தயாரிப்பாளர்களுக்கு 2021 ஜனவரி முதல் 15 ஆகக் குறைத்தார்கள்.

கூகிள் கம்பெனியின் "பிளே ஸ்டோர்" கொஞ்சம் தாராளம். ஒரே ஒரு முறை 25 டாலர் கட்டினால் போதும். அந்தக் கடை மறுத்தால் ஆண்ட்ராய்டு போனில் வேறு வழியாகவும் செயலியைப் போட முடியும். ஆனால் அங்கும் இப்போது கெடுபிடி அதிகம். 2023 நவம்பருக்குப் பிறகு புதிதாகக் கணக்குத் தொடங்கும் தனிநபர், 20 பேரிடம் கொடுத்து 14 நாள் தொடர்ந்து சோதித்துக் காட்ட வேண்டும் என்றார்கள். பிறகு அதை 12 பேர் என்று தளர்த்தினார்கள். பெரிய கம்பெனிக்கு 12 பேர் ஒரு பொருட்டல்ல. வீட்டு மூலையில் உட்கார்ந்து தனியாக விளையாட்டுத் தயாரிக்கும் பையன் 12 பேருக்கு எங்கே போவான்? மாமன், மச்சான், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோர் காலிலும் விழ வேண்டியதுதான்!

காவல் வேண்டாமா?

வேண்டும். அதில் சந்தேகமே இல்லை.

2024-ம் ஆண்டில் மட்டும் ஆப்பிள் கம்பெனிக்குப் பரிசோதனைக்காக வந்தவை 77 லட்சத்துக்கு மேல். அவற்றில் 19 லட்சத்துக்கு மேல் நிராகரிக்கப்பட்டன. அதாவது நாலில் ஒன்று! இவை எல்லாம் அநியாயமாகத் திருப்பி அனுப்பப்பட்டவை அல்ல. திறந்ததும் நின்றுவிடும் செயலி உண்டு. போனில் உள்ள விலாசங்களைத் திருடும் செயலி உண்டு. பணம் பறிக்க வந்தது உண்டு. அடுத்தவன் சரக்கைக் காப்பி அடித்தது உண்டு. வீட்டில் குழந்தைகள் கையில் போன் இருக்கிறது. வாசலில் ஒரு காவல்காரன் நிற்பது பெற்றோருக்கு நிம்மதிதான்.

காப்பி அடிப்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் உண்டு. வியட்நாம் நாட்டைச் சேர்ந்த டாங் நுயென் என்ற இளைஞர் "ஃபிளாப்பி பேர்ட்" என்ற விளையாட்டைத் தயாரித்தார். ஒரு குட்டிப் பறவையைக் குழாய்களுக்கு நடுவே பறக்க விடவேண்டும். அவ்வளவுதான்! 2014 தொடக்கத்தில் உலகமே அதை ஆடியது. இந்தப் புகழ் தன் நிம்மதியைக் கெடுக்கிறது என்று சொல்லி, பிப்ரவரி மாதம் அவரே அதை எடுத்துவிட்டார். உடனே ஆளுக்கு ஒரு "ஃபிளாப்பி" தயாரித்துக்கொண்டு வந்தார்கள். "அந்தப் பெயரே வேண்டாம்" என்று கடையில் பலரைத் திருப்பி அனுப்பினார்கள்.

இதில் எல்லாம் தகராறு இல்லை. குற்றம் என்ன என்று தெரிகிறது. திருத்திக்கொண்டு மறுபடியும் வரலாம்.

தகராறு வேறு இடத்தில் வருகிறது. காவல்காரன் இரண்டு வேலை பார்க்கிறான். உள்ளே திருடன் வராமல் பார்ப்பது ஒரு வேலை. வருகிறவன் என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று சொல்வது இன்னொரு வேலை. முதல் வேலைக்கு அளவுகோல் உண்டு. இரண்டாவது வேலைக்கு?

புத்தகம் எழுதுங்கள்!

2010-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஆப்பிள் கம்பெனி தன் விதிகளை முதன்முதலாக வெளியிட்டது. அதற்கு முன் இரண்டு ஆண்டுகள், எந்த விதிப்படி மறுக்கிறார்கள் என்பதே பலருக்குத் தெரியாமல் இருந்தது.

அந்த விதிகளில் ஒரு விஷயம் பளிச்சென்று இருந்தது. மதத்தைக் கண்டித்துப் பேச ஆசையா? புத்தகம் எழுதுங்கள். செயலியில் வேண்டாம் என்றார்கள். புத்தகத்துக்கு ஒரு நியாயம், விளையாட்டுக்கு ஒரு நியாயம்! எல்லை தாண்டினால் எங்களுக்குத் தெரியும், பார்த்தால் புரிந்துகொள்வோம் என்றும் எழுதியிருந்தார்கள். எல்லை எங்கே என்று மட்டும் எழுதவில்லை.

இன்னொன்றும் இருந்தது. பத்திரிகைகளிடம் ஓடிப் போய் எங்களைத் திட்டினால் ஒரு பலனும் இருக்காது என்பதே அது.

பலன் இருந்ததா, இல்லையா? நடந்ததைப் பார்க்கலாம்.

முத்திரை குத்தும் அதிகாரி

லூகாஸ் போப் என்பவர் அமெரிக்கர். ஜப்பானில் வசிக்கிறார். 2013-ம் ஆண்டு தனி ஆளாக "பேப்பர்ஸ், பிளீஸ்" என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைத் தயாரித்தார். பெயருக்கு அர்த்தம், "காகிதங்களைக் காட்டுங்கள்" என்பது.

ஆடுகிறவர் ஒரு கற்பனை நாட்டின் எல்லையில் பாஸ்போர்ட் அதிகாரி. கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். வெளியே நீண்ட வரிசை. ஒவ்வொருவரின் காகிதத்தையும் பார்த்து "அனுமதி" என்றோ, "மறுப்பு" என்றோ முத்திரை குத்த வேண்டும். தினமும் காலையில் மேலிடம் விதியை மாற்றும். தப்பாகக் குத்தினால் சம்பளம் போகும். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல், அடுப்பில் விறகு இல்லை. புருஷனுக்கு அனுமதி உண்டு. பின்னால் வரும் பெண்டாட்டிக்குக் காகிதம் சரியில்லை. என்ன செய்வது? உலகம் முழுவதும் பரிசுகளை வாங்கிக் குவித்த விளையாட்டு இது.

2014 டிசம்பரில் இதை ஐபேடுக்குக் கொண்டுவந்தார் போப். அப்போது ஒரு சிக்கல் வந்தது. சந்தேகப்படும் ஆளை எல்லையில் ஒரு கருவியில் நிறுத்திப் படம் எடுப்பது விளையாட்டில் ஒரு கட்டம். படத்தில் ஆள் ஆடை இல்லாமல் தெரிவான். சோவியத் காலத்துச் சுவரொட்டி போன்ற கரடுமுரடான சின்னப் படம். மனிதனை அரசாங்கம் எப்படி அவமானப்படுத்துகிறது என்று காட்டுவதற்காக வைத்தது. வேண்டாதவர்கள் உள்ளாடையோடு பார்க்கவும் வசதி உண்டு.

"இது ஆபாசம்" என்று ஆப்பிள் கம்பெனி சொல்லிவிட்டது. போப் அந்த வசதியை எடுத்துவிட்டு, விளையாட்டை வெளியிட்டார். என்ன நடந்தது என்பதையும் ஊருக்குச் சொன்னார். பத்திரிகைகளில் செய்தி வந்தது. உடனே கம்பெனி, "அது தவறான புரிதல்" என்றது. சில நாட்களில் பழையபடியே வந்துவிட்டது.

கூண்டுக்குள் உட்கார்ந்து முத்திரை குத்தும் அதிகாரியைப் பற்றிய விளையாட்டுக்கே "மறுப்பு" என்று முத்திரை குத்தினார்களே, அந்தப் பரிசோதகர் அதை முழுவதும் ஆடிப் பார்த்திருப்பாரா? ஒரு பரிசோதகருக்கு நாள் ஒன்றுக்கு 50 முதல் 100 செயலிகள் வரை என்று 2019-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று செய்தி வெளியிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றுக்குச் சில நிமிஷம்தான் கிடைக்கும். சில வருஷ உழைப்பு, சில நிமிஷத் தீர்ப்பு!

திரும்பி வராத விளையாட்டு

எல்லோருக்கும் போப்பின் அதிர்ஷ்டம் இருக்கவில்லை.

பிரிட்டனில் லிட்டில்லவுட் என்ற சிறிய கம்பெனி, சேனல் 4 தொலைக்காட்சிக்காக 2011-ல் "ஸ்வெட்ஷாப்" என்ற விளையாட்டைத் தயாரித்தது. குறைந்த கூலிக்கு வேர்வை சிந்த வேலை வாங்கும் துணி ஆலைக்கு அந்தப் பெயர். ஆடுகிறவர்தான் அந்த ஆலையின் மானேஜர். சீக்கிரம் சட்டை தைக்க வேண்டும், செருப்பு தைக்க வேண்டும். செலவு குறைய வேண்டும். சிறுவர்களை வேலைக்கு வைத்தால் கூலி மிச்சம். ஆட ஆட, தான் செய்வது என்ன என்று ஆடுகிறவருக்கே உறைக்கும். தொழிலாளருக்காகப் பாடுபடும் ஒரு சங்கத்திடம் விவரம் கேட்டுத்தான் தயாரித்திருந்தார்கள்.

ஐபேடுக்கு வந்த பதிப்பை 2013 பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனி கடையில் இருந்து எடுத்துவிட்டது. இப்படிப்பட்ட ஆலையை நடத்தும் கதையை விற்பது சங்கடமாக இருக்கிறது என்பது காரணம். தீ விபத்தில் தப்பும் வழியை மானேஜர் அடைப்பது, வேலை நேரத்தைக் கூட்டுவது, சிறுவர்களை வேலை வாங்குவது முதலியவற்றைக் குறிப்பிட்டுச் சொன்னார்கள். "இது கற்பனை, தொழிலாளர் நலனுக்காகத் தயாரித்தது" என்று விளையாட்டிலேயே அறிவிப்புச் சேர்த்துப் பார்த்தார்கள் தயாரித்தவர்கள். பலிக்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது காலம். அதற்கு மூன்று மாதம் முன்பு, 2012 நவம்பர் 24-ந் தேதி, வங்காளதேசத்தில் டாக்கா அருகே தஸ்ரீன் துணி ஆலையில் தீப்பிடித்தது. 100-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். வெளியே போகும் வழிகள் அடைபட்டிருந்தன. விளையாட்டு எடுக்கப்பட்ட இரண்டே மாதத்தில், 2013 ஏப்ரல் 24-ந் தேதி, அதே டாக்கா அருகே ராணா பிளாசா கட்டிடம் இடிந்து விழுந்தது. துணி ஆலைத் தொழிலாளர் 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். எதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது என்று கம்பெனி சொன்னதோ, அது நிஜத்தில் நடந்துகொண்டிருந்தது!

2011 செப்டம்பரில் இதைவிட வேகமாக ஒன்று நடந்தது. இத்தாலிக்காரரான பாவ்லோ பெதர்சினி "போன் ஸ்டோரி" என்ற விளையாட்டை வெளியிட்டார். போன் எப்படிப் பிறக்கிறது, எப்படிச் சாகிறது என்பதே கதை. காங்கோ நாட்டுச் சுரங்கத்தில் சிறுவர்கள் மண் தோண்டுகிறார்கள். சீனாவில் ஆலைத் தொழிலாளர்கள் மாடியில் இருந்து குதிக்கிறார்கள். பாகிஸ்தானில் பழைய போன்கள் குப்பையாகக் குவிகின்றன. போனைப் பற்றிய உண்மையைப் போனிலேயே சொன்னார்! சில மணி நேரத்தில் ஆப்பிள் கடையில் இருந்து அது மறைந்தது. சிறுவர் கொடுமையைக் காட்டுகிறது, நன்கொடை விதியை மீறுகிறது என்று காரணங்கள் சொன்னார்கள். ஆண்ட்ராய்டு கடையில் அது இருந்தது.

பெதர்சினிக்காகவும் பத்திரிகைகள் எழுதத்தான் செய்தன. பலிக்கவில்லை. தன்னையே குத்திக் காட்டும் சரக்கை எந்தக் கடைக்காரர் விற்பார் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஊரில் வேறு கடை இருந்தால்தான் அது நியாயம்.

2015-ல் நடந்தது வேறு விதம். ஜூன் மாதம் 17-ந் தேதி அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒரு வெள்ளை இளைஞன் 9 கறுப்பு மக்களைச் சுட்டுக் கொன்றான். அடிமை முறைக்காகப் போரிட்ட தென் மாநிலங்களின் பழைய கொடி மீது நாடு முழுவதும் கோபம் திரும்பியது. அந்தக் கொடி தெரியும் விளையாட்டுகளை ஆப்பிள் கம்பெனி அவசரமாக எடுத்தது. கெட்டிஸ்பர்க் சண்டையைப் பற்றிய சரித்திர விளையாட்டும் சேர்ந்து போயிற்று. 1863-ல் நடந்த சண்டையில் எதிரிக்குக் கொடி இல்லாமல் எப்படிக் காட்டுவது? மாற்ற மாட்டோம் என்று தயாரிப்பாளர்கள் உறுதியாக நின்றார்கள். கூச்சல் எழுந்தது. சில நாட்களில் அந்த விளையாட்டுத் திரும்பி வந்தது.

அப்பீல் உண்டு, ஆனால்...

மறுக்கப்பட்டவருக்கு வழி இல்லாமல் இல்லை. எந்த விதி என்று நம்பர் போட்டுத்தான் பதில் வரும். எழுதிக் கேட்கலாம். திருத்தி அனுப்பலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் கம்பெனியின் அப்பீல் குழுவுக்கு மனுப் போடலாம். பொறுமையும் சில சமயம் பலித்திருக்கிறது. "பைண்டிங் ஆப் ஐசக்" என்ற விளையாட்டு 2016 பிப்ரவரியில் குழந்தைக் கொடுமை என்று மறுக்கப்பட்டது. 2017 ஜனவரியில் அதே கடையில் வந்தது.

ஆனால் அப்பீலில் தீர்ப்புச் சொல்வதும் அதே கம்பெனிதான். 2022-ம் ஆண்டில், கடையில் இருந்து எடுக்கப்பட்ட செயலிகளுக்காக 18 ஆயிரத்துக்கு மேற்பட்ட அப்பீல்கள் வந்தன. திரும்பி வந்தவை 616. அப்பீல் செய்தவர்களில் பித்தலாட்டக்காரர்களும் இருந்திருப்பார்கள். ஆனாலும், 100-க்கு 4 கூட இல்லை!

விதியே தப்பு என்று சொல்லும் உரிமை 2020-ல்தான் கிடைத்தது. அதுவும் எப்படி? அந்த ஆண்டு ஜூன் மாதம் "ஹே" என்ற இமெயில் செயலிக்காரர்கள் கம்பெனியோடு பகிரங்கமாக மோதினார்கள். பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அதே மாதத்தில் கம்பெனி புதிய ஏற்பாட்டை அறிவித்தது. பத்திரிகைக்குப் போனால் பலன் இல்லை என்று விதி எழுதிய அதே கம்பெனி!

பணம் உள்ளவர்களுக்குக் கோர்ட்டு இருக்கிறது. "ஃபோர்ட்நைட்" விளையாட்டை 2020 ஆகஸ்டில் எடுத்தார்கள். அதன் சொந்தக்காரரான எபிக் கம்பெனி வக்கீல்களை வைத்து ஐந்து வருஷம் வாதாடி, 2025 மே மாதம் அமெரிக்கக் கடைக்குத் திரும்பியது. இந்தியாவிலும் ஒன்று நடந்தது. அது விளையாட்டுச் செயலி அல்ல, கட்டணத் தகராறு. 2024 மார்ச் 1-ந் தேதி, சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட சில இந்தியக் கம்பெனிகளின் செயலிகளைக் கூகிள் தன் கடையில் இருந்து எடுத்தது. மத்திய மந்திரி அஸ்வினி வைஷ்ணவ் தலையிட்டார். சில நாட்களில் எல்லாம் திரும்பி வந்தன.

மந்திரி பேசினால் வருகிறது. கோர்ட்டுக்குப் போனால் வருகிறது. பத்திரிகை எழுதினால் சில சமயம் வருகிறது. சேலத்திலோ சிவகாசியிலோ உட்கார்ந்து முதல் விளையாட்டைத் தயாரிக்கும் பெண்ணுக்கு மந்திரியைத் தெரியாது. வக்கீல் வைக்கப் பணம் இல்லை. ட்விட்டரில் அவளைப் பின்தொடர்கிறவர்கள் 40 பேர். அவளுக்கு வந்த மறுப்பு செய்தியே ஆகாது. வெளியே தெரிந்த தவறுகள் திருத்தப்பட்டன. தெரியாத தவறுகள் எத்தனை என்பதற்குக் கணக்கு எந்த அறிக்கையிலும் இல்லை.

இரண்டாவது கடை

ஐரோப்பிய நாடுகள் வேறு வழியைப் பிடித்திருக்கின்றன. டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின்படி, 2024 மார்ச் முதல் அங்கே ஐபோனில் மற்றவர்களும் கடை வைக்கலாம். ஜப்பானிலும் அப்படி ஒரு சட்டம் 2025 டிசம்பரில் முழு அமலுக்கு வந்தது.

காவல் போய்விடவில்லை. ஐரோப்பாவில் வேறு கடைக்குப் போகும் செயலியையும் ஆப்பிள் கம்பெனி சோதிக்கிறது. வைரஸ் உண்டா, மோசடி உண்டா, சொன்னதைத்தான் செய்கிறதா என்று பார்க்கிறது. கதை பிடிக்கவில்லை என்று மறுக்க முடியாது. காவல்காரனின் இரண்டு வேலையில் ஒன்று மட்டும் கையில் இருக்கிறது.

இதற்கும் விலை உண்டு. 2025 பிப்ரவரியில், இப்படி ஒரு வேறு கடை வழியாக ஆபாசப் படம் பார்க்கும் செயலி ஒன்று ஐரோப்பாவில் ஐபோனுக்கு வந்தது. "குழந்தைகளுக்கு ஆபத்து" என்று ஆப்பிள் கம்பெனி கடுமையாகக் கண்டித்தது. பெற்றோருக்கு அந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால் அந்தக் கடை தானாகக் குழந்தையின் போனில் வந்து உட்காராது. யாராவது தேடிப் போய்ச் சேர்க்க வேண்டும். போனில் பூட்டுப் போடும் வசதி பெற்றோர் கையில் இருக்கிறது. துணி ஆலைக் கதையையும் ஆபாசப் படத்தையும் ஒரே முத்திரையால் அடிப்பதற்கு இது காரணம் ஆகாது.

இந்தியாவில் ஐபோனுக்குக் கடை இன்னும் ஒன்றுதான்.